சீனக் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி: சி.இ.டி. தேர்வுக்கு ஒரு செய்முறை

சீனப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் எவரும், நேரில் என்றாலும் ஆன்லைனில் என்றாலும், சீக்கிரமே கேட்கப்போகும் கேள்வி இது: "சி.இ.டி. ரீடிங்கில் மார்க் ஏறவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?" சி.இ.டி. என்பது அந்த மாணவர்கள் எழுதும் தேசிய ஆங்கிலத் தேர்வு. கேட்கிறவர் சோம்பேறியாக இருக்க மாட்டார். பழைய வினாத்தாள்களை வாங்கி, கடிகாரம் வைத்து எழுதி, விடை பார்த்து, மார்க் கூட்டி, அடுத்த தாளை எடுத்திருப்பார். பத்துத் தாள் முடிந்த பிறகும் மார்க் அதே இடத்தில் நிற்கும். எத்தனை தப்பு என்று எண்ணினாரே தவிர, ஒரு தப்பையும் அவர் உட்கார்ந்து ஆராயவில்லை. ஒரு பாசேஜை முழுதாகப் பிரித்துப் பார்க்கக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை மாணவரிடமிருந்து வாங்குவதுதான் ஆசிரியரின் முதல் வேலை. இனி வருவதெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்வது என்பது பற்றி.

தாளின் கணக்கு

சி.இ.டி.யின் விரிவு காலேஜ் இங்கிலீஷ் டெஸ்ட். 1987-இல் நான்காம் நிலைத் தேர்வு தொடங்கியது, 1989-இல் ஆறாம் நிலை வந்தது. ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கிறது. நான்காம் நிலை காலையில், ஆறாம் நிலை பிற்பகலில். மொத்தம் 710 புள்ளி. 2005-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு பாஸ், ஃபெயில் என்று சான்றிதழில் போடுவதில்லை. ஆனால் ஆறாம் நிலை எழுத நான்காம் நிலையில் 425 வேண்டும் என்பதால், மாணவர்கள் மனத்தில் 425-தான் பாஸ் மார்க்.

ரீடிங்குக்கு 35 விழுக்காடு, அதாவது 248.5 புள்ளி. 2013 டிசம்பரிலிருந்து இருக்கும் அமைப்பில் மூன்று பிரிவுகள். ஏ பிரிவில் ஒரு சிறு பாசேஜ், பத்து கோடிட்ட இடங்கள், நிரப்பப் பதினைந்து சொற்கள். ஒரு விடைக்கு 3.55 புள்ளி. பி பிரிவில் ஒரு நீண்ட பாசேஜ், பத்து கூற்றுகள். ஒவ்வொரு கூற்றும் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று எழுத வேண்டும், ஒன்றுக்கு 7.1 புள்ளி. சி பிரிவில் இரண்டு பாசேஜ், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி, நான்கு ஆப்ஷன். ஒரு கேள்விக்கு 14.2 புள்ளி. மூல மார்க்கைப் பொது அளவுகோலுக்கு மாற்றித்தான் இறுதி மார்க் தருகிறார்கள் என்பதால் இவை தோராயம்தான். ஆனாலும் விகிதம் மாறாது. சி பிரிவின் ஒரு கேள்வி, ஏ பிரிவின் நான்கு கோடிட்ட இடங்களுக்குச் சமம். இதைத் தெரிந்துகொண்டே ஏ பிரிவோடு பதினைந்து நிமிடம் மல்லுக்கட்டும் மாணவர்கள் நிறையப் பேர்.

நேரம் 40 நிமிடம் என்பது கணக்குக்குத்தான். லிசனிங் முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிக்கொள்வார்கள். மீதி 70 நிமிடத்தில் ரீடிங்கும், சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு பத்தி மொழிபெயர்ப்பும். மொழிபெயர்ப்புக்கு 30 நிமிடம் ஒதுக்கி வைத்தால்தான் 40 மிஞ்சும். இந்த 40-ஐ இப்படிப் பிரிக்கலாம்: சி பிரிவின் இரண்டு பாசேஜுக்கும் ஒன்பது ஒன்பது நிமிடம், பி பிரிவுக்கு 14, ஏ பிரிவுக்கு 8. செய்யும் வரிசையும் அதுவே, சி, பி, ஏ.

இந்தக் கணக்கு மாணவரின் வேகத்துக்குள் அடங்குமா? 2007-இல் சீனக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட கல்லூரி ஆங்கிலப் பாடத்திட்டத்தில் பொது நிலைக்குச் சொல்லப்பட்ட வேகம் நிமிடத்துக்கு 70 சொல். எளிதான நீண்ட பாசேஜை வேகமாகப் படிக்கும்போது 100 சொல். நான்காம் நிலையின் சி பிரிவுப் பாசேஜ் சுமார் 350 சொல் இருக்கும். 70 சொல் வேகத்தில் ஐந்து நிமிடம், மிச்சம் நான்கு நிமிடத்தில் ஐந்து கேள்வி. பி பிரிவு ஆயிரம் சொல் என்றால் பத்து நிமிடம். இறுக்கமாக இருந்தாலும் அடங்குகிறது. ஆறாம் நிலையில் பாசேஜ்கள் நீள்கின்றன, நேரம் நீளவில்லை. அங்கே நிமிடத்துக்கு 90, வேக வாசிப்பில் 120 என்று இலக்கு வையுங்கள்.

எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று சுற்று

பயிற்சி தொடங்கும் முன் மாணவரின் குறை எது என்று தெரிய வேண்டும். "எனக்கு வொகாபுலரி போதாது" என்று ஏறக்குறைய எல்லாரும் சொல்வார்கள். பாதிப் பேர் விஷயத்தில் அது சரியில்லை. பழைய தாளிலிருந்து சி பிரிவுப் பாசேஜ் ஒன்றை எடுங்கள், மூன்று நிறப் பேனா வையுங்கள்.

முதல் சுற்று கறுப்புப் பேனா, ஒன்பது நிமிடம், தேர்வு போலவே. நேரம் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். விடையைச் சொல்லாதீர்கள். இரண்டாம் சுற்று நீலப் பேனா. அதே பாசேஜ், அகராதி கிடையாது, நேரக் கட்டுப்பாடும் கிடையாது. மாற்ற நினைக்கும் விடையை நீலத்தில் மாற்றலாம். மூன்றாம் சுற்று சிவப்புப் பேனா, அகராதி உண்டு. ஆனால் சொல்லாகத்தான் தேடலாம். போனில் முழு வாக்கியத்தையும் மொழிபெயர்க்க விடக்கூடாது. யூதாவ் போன்ற செயலிகளில் கேமராவைக் காட்டினால் முழுப் பக்கமும் சீனத்தில் வந்து விழும், பிறகு நாம் சோதிப்பது அவருடைய சீன வாசிப்பைத்தான். மூன்று சுற்றும் முடிந்த பிறகே விடை.

நீலத்தில் மார்க் ஏறினால் குறை வேகத்தில். அவருக்கு நிறைய எளிய வாசிப்பு வேண்டும், கடினமான பாசேஜ் இப்போதைக்கு வேண்டாம். சிவப்பில் ஏறினால் குறை சொல்லில். மூன்று சுற்றிலும் அதே இரண்டு மார்க் என்றால், ஒன்று வாக்கிய அமைப்பு பிடிபடவில்லை, அல்லது ஆப்ஷன்களைத் தேர்வு செய்யும் விதம் தவறு. இந்த இரண்டையும் பிரிக்க, தப்பான கேள்விக்கு ஆதாரமான வாக்கியத்தை நீங்களே காட்டி, சீனத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குச் சீனம் தெரியாவிட்டால் எளிய ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லலாம், அல்லது "யார் செய்தது? என்ன செய்தது? எப்போது?" என்று மூன்று கேள்வி கேட்கலாம். சரியாகச் சொல்லிவிட்டுத் தப்பான ஆப்ஷனைப் போட்டிருந்தால் கோளாறு ஆப்ஷனில். சொல்லவே முடியவில்லை என்றால் வாக்கியத்தில். ஒரே பாசேஜை வைத்து முடிவு கட்டாதீர்கள். தலைப்பு பழகியதாக இருந்தால் மார்க் தானாகவே ஏறும். கல்வி, உடல்நலம், தொழில்நுட்பம் என்று மூன்று வேறு தலைப்பில் பார்ப்பது நல்லது.

வாக்கியம் எங்கே சிக்குகிறது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சீன மொழியில் ஒரு பெயரை விவரிக்கும் தொடர், எவ்வளவு நீளமானாலும், பெயருக்கு முன்னால் வரும். 'த' என்ற ஒரு சிறு சொல் அதைப் பெயரோடு கட்டும். நம் பெயரெச்சமும் அப்படித்தான் என்பதால் தமிழ் ஆசிரியருக்கு இந்தச் சங்கடம் உடனே புரியும். ஆங்கிலத்தில் விவரிப்பு பெயருக்குப் பின்னால் போய் நீள்கிறது, அதற்குள் இன்னொரு பெயர், அதற்கும் ஒரு விவரிப்பு. மாணவர் இடமிருந்து வலமாகச் சொல் சொல்லாகப் பொருள் எழுதிக்கொண்டே போவார். வாக்கியத்தின் முக்கிய வினைக்கு வரும்போது எழுவாய் மறந்திருக்கும்.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம்: "த ஸ்டூடண்ட்ஸ் ஹூ டுக் பார்ட் இன் த சர்வே த யூனிவர்சிட்டி கண்டக்டட் லாஸ்ட் இயர் ரிப்போர்ட்டட் ஸ்லீப்பிங் லெஸ் தேன் தே ஹேட் பிலீவ்ட்."

கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் "பல்கலைக்கழகம் போன ஆண்டு சர்வே நடத்தி, மாணவர்கள் குறைவாகத் தூங்குவதாக அறிக்கை கொடுத்தது" என்று படித்துவிடுவார்கள். சொன்னவர் யார் என்பதே மாறிவிட்டது. கேள்வி அந்த இடத்திலிருந்து வந்தால் விடை போச்சு.

பிரிக்கும் முறை இது. முதலில் காலம் காட்டும் வினைகளை எல்லாம் வட்டமிடுங்கள்: டுக், கண்டக்டட், ரிப்போர்ட்டட், ஹேட் பிலீவ்ட். நான்கு வினை. பிறகு ஒவ்வொரு வினைக்கும் சொந்தக்காரரைத் தேடுங்கள். டுக் என்பது ஹூவுக்குச் சொந்தம். கண்டக்டட் யூனிவர்சிட்டிக்கு. ஹேட் பிலீவ்ட் என்பது தேவுக்கு. அனாதையாக நிற்பது ரிப்போர்ட்டட். அதுதான் முக்கிய வினை, அதன் எழுவாய் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கும் ஸ்டூடண்ட்ஸ். மிச்சத்தை அடைப்புக்குள் போட்டால் "மாணவர்கள் சொன்னார்கள், குறைவாகத் தூங்குகிறோம் என்று" என்ற எலும்புக்கூடு தெரியும். வினை நான்கு என்றால் சொந்தம் உள்ளவை மூன்று, மீதி ஒன்று. இந்தக் கணக்குச் சரிவராவிட்டால் ஏதோ ஒரு வினையை விட்டிருக்கிறோம், அல்லது ஆண்ட், பட் இரண்டு வினைகளைக் கோத்திருக்கிறது என்று பொருள். சில சமயம் விவரிக்க வந்த 'ஈடி' வடிவத்தை வினையாக எண்ணியிருப்பார்கள்.

இந்த வாக்கியத்தில் இன்னொரு பொறியும் உண்டு. "த சர்வே த யூனிவர்சிட்டி" என்று இரண்டு பெயர், நடுவில் கமாவோ வேறு சொல்லோ இல்லாமல், அடுத்தடுத்து நிற்கின்றன. இப்படி நின்றால் அங்கே ஒரு 'தட்' விழுங்கப்பட்டிருக்கிறது என்று அறிய வேண்டும். இந்த ஒன்றைப் பழக்கிவிட்டாலே பல மாணவர்களுக்கு நீண்ட வாக்கியங்கள் திறந்துகொள்ளும். அடுத்தது 'ஹேட் பிலீவ்ட்'. சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை. "நேற்று", "முன்பு" போன்ற சொற்களும் 'லெ', 'குவோ' போன்ற துணைச்சொற்களும் அந்த வேலையைப் பார்க்கின்றன. அதனால் வினையின் வடிவம் சொல்லும் சேதியை மாணவரின் கண் தாண்டிப் போய்விடும். முன்பு நம்பியது ஒன்று, பிறகு தெரிந்தது ஒன்று என்ற வேறுபாடுதான் இங்கே விஷயம். ஹேட், வுட், மே, குட் வரும் இடங்களில் கோடு போட வையுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் போதும், பாசேஜிலேயே நீளமான மூன்று. இருபது வாக்கியம் கொடுத்தால் இயந்திரத்தனமாக வட்டம் போடுவார்கள். பிரித்த பிறகு அந்த வாக்கியத்தைத் தொடர் தொடராக நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். காலையில் வளாகத்தில் நின்று சத்தமாகப் படிக்கும் வழக்கம் சீன மாணவர்களிடம் ஏற்கெனவே உண்டு. பொருள் பிரியாமல் சத்தம் மட்டும் போட்டால் உச்சரிப்புக்குத்தான் உதவும். எழுவாய் வரை ஒரு மூச்சு, அடைப்புக்குள் இருப்பது ஒரு மூச்சு, முக்கிய வினையிலிருந்து ஒரு மூச்சு என்று படித்தால் அதே வழக்கம் வாசிப்புக்கும் உதவும்.

சி பிரிவு: தப்பான மூன்றையும் கொல்வது

பாசேஜைப் படிக்கும் முன் கேள்விகளை மட்டும் படிக்கலாம். ஆப்ஷன்களைப் படிக்க வேண்டாம். ஐந்து கேள்விக்கு இருபது ஆப்ஷன், அதில் பதினைந்து பொய். பாசேஜுக்கு முன்னால் பதினைந்து பொய்யைத் தலையில் ஏற்றிக்கொள்வதால் ஒரு நன்மையும் இல்லை. கேள்விகள் பெரும்பாலும் பாசேஜின் வரிசையிலேயே வரும். இரண்டாம் கேள்வியின் ஆதாரம் மூன்றாம் பத்தியில் என்றால், மூன்றாம் கேள்விக்கு முதல் பத்தியில் தேடுவது வீண் வேலை. பாசேஜ் முழுவதையும் பற்றிய கேள்வி மட்டும் விதிவிலக்கு, அதைக் கடைசியில் செய்யலாம்.

பயிற்சியில் ஒரு நிபந்தனை வையுங்கள். விடையோடு ஆதார வாக்கியத்தின் எண்ணையும் எழுத வேண்டும், தப்பான மூன்றும் ஏன் தப்பு என்று மூன்று சொல்லிலாவது எழுத வேண்டும். இந்த இரண்டாம் பாதியில்தான் முன்னேற்றம் இருக்கிறது. மாதிரிக்காக எழுதிய ஒரு பத்தியை, அதன் சாரத்தைத் தமிழில், பாருங்கள்:

"சில நகரங்கள் பேருந்துக் கட்டணத்தை நீக்கின. பயணிகள் கூடினார்கள். ஆனால் புதிதாக ஏறியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் நடந்தோ சைக்கிளிலோ போனவர்கள். காரை விட்டவர்கள் சிலரே. பேருந்து அடிக்கடி வருகிறதா என்பதுதான் கார் வைத்திருப்பவர்களின் முடிவைப் பாதிக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள் சிலர்."

கேள்வி: இலவசப் பேருந்து பற்றி என்ன தெரிகிறது? ஏ: சாலையில் கார்களை வெகுவாகக் குறைத்தது. பி: பேருந்துகள் அடிக்கடி வந்ததால் பயணிகள் கூடினார்கள். சி: அது ஈர்த்தவர்களில் பெரும்பாலோர் கார் ஓட்டாதவர்கள். டி: ஆய்வாளர்கள் எல்லாரும் அதை எதிர்க்கிறார்கள்.

'ஏ' பொது அறிவுக்குச் சரியாகப் படுகிறது, பாசேஜ் அதற்கு எதிராகச் சொல்கிறது. 'பி' பாசேஜில் உள்ள இரண்டு செய்தியை எடுத்துத் தப்பாக ஒட்டியிருக்கிறது. பயணிகள் கூடியது உண்மை, அடிக்கடி வருவது என்ற பேச்சும் உண்மை, ஆனால் "வந்ததால்" என்ற காரண உறவு பாசேஜில் இல்லை. 'டி' சிலரை எல்லாராக்கியது, முக்கியக் காரணம் வேறு என்று சொன்னதை எதிர்ப்பாக மாற்றியது. 'சி' மட்டும் பாசேஜின் வாக்கியத்தை அப்படியே எடுக்காமல் அதன் பொருளைச் சொல்கிறது.

சீன மாணவர்கள் அதிகம் விழுவது 'பி' வகையில். பாசேஜில் இருக்கும் அதே சொற்கள் ஆப்ஷனிலும் இருந்தால், அது பழகிய முகமாகத் தெரிகிறது, கை அங்கே போகிறது. சரியான ஆப்ஷன் பெரும்பாலும் சொல்லை மாற்றிச் சொல்லும். அதனால் பயிற்சியில் ஒரு தலைகீழ் வேலை கொடுங்கள். ஆதார வாக்கியத்தை எடுத்து, அதில் உள்ள பெயர்ச்சொல்லோ வினைச்சொல்லோ வராமல் அதே பொருளை வேறு வாக்கியமாக எழுத வேண்டும். முதல் வாரம் திணறுவார்கள். மூன்றாம் வாரத்தில் சரியான ஆப்ஷனைப் பார்த்ததும் "இது அந்த வரியின் மறுவடிவம்" என்று அடையாளம் தெரியும்.

கருத்து யாருடையது என்பதையும் பாருங்கள். சி.இ.டி. பாசேஜ்கள் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரைகளின் சாயலில் இருப்பவை. முதலில் எல்லாரும் நம்பும் ஒன்றைச் சொல்லி, "ஹவெவர்" போட்டு, ஆய்வாளர் ஒருவர் மறுப்பதைச் சொல்லி, கடைசியில் கட்டுரையாளர் தன் கருத்தை வைப்பார். ஆய்வாளர் சொன்னதைக் கட்டுரையாளர் சொன்னதாகப் போட்டு ஓர் ஆப்ஷன் இருக்கும். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பேசுவது யார் என்று ஒரே எழுத்தில் குறித்துக்கொண்டே போவது இதற்குப் போதும்.

பி பிரிவு: ஒருமுறைதான் படிக்க வேண்டும்

இங்கே மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான், அது பெரியது. முதல் கூற்றைப் படித்துப் பாசேஜ் முழுதும் தேடுவார்கள், பிறகு இரண்டாவதைப் படித்து மறுபடி முதலிலிருந்து தேடுவார்கள். கூற்றுகள் பாசேஜின் வரிசையில் இல்லை, ஆகவே பத்து முறை தேட வேண்டியிருக்கும், 14 நிமிடம் போதாது.

மாற்றாக, முதல் இரண்டு நிமிடத்தில் பத்து கூற்றையும் படித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சொல்லை மட்டும் அடிக்கோடிட வேண்டும். ஆள் பெயர், இடம், ஆண்டு, எண் இருந்தால் அவை முதலில். இல்லாவிட்டால், மற்ற ஒன்பது கூற்றிலும் வராத சொல். பாசேஜின் தலைப்பில் உள்ள சொல்லுக்கு அடிக்கோடு போடக்கூடாது, அது எல்லாப் பத்தியிலும் இருக்கும். பிறகு பாசேஜை முதல் பத்தியிலிருந்து படித்து, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கூற்றுப் பட்டியலை ஒரு பார்வை பார்க்க வேண்டும். பொருந்தினால் எழுதிவிட்டு நகரலாம். ஒரே பத்திக்கு இரண்டு கூற்று வரலாம், எந்தக் கூற்றும் இல்லாத பத்திகளும் இருக்கும். "இந்தப் பத்தி முன்பே வந்துவிட்டதே" என்று நல்ல விடையை மாற்றுகிறவர்கள் உண்டு, முதல் நாளே சொல்லிவிடுங்கள். இப்படி ஒருமுறை போனால் ஆறேழு கூற்று விழும். கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் மீதியைத் தேடலாம்.

எண்களில் ஒரு தனித் தொல்லை. சீன எண்முறை பத்தாயிரத்தில் தாவுகிறது. பத்தாயிரம் ஒரு 'வான்', பத்து கோடி ஒரு 'யி'. மில்லியன் என்றால் நூறு வான், பில்லியன் என்றால் பத்து யி என்று மனத்தில் மாற்றும்போது சைபர் தவறும். இந்த மாற்றத்தை மட்டும் தனியாக, நாளுக்கு ஐந்து எண் வீதம் ஒரு வாரம் செய்தால் சரியாகிவிடும். பெயர்களிலும் தடுமாற்றம் வரும். அன்னிய நாட்டு ஆய்வாளரின் நீண்ட பெயரை மனத்துக்குள் உச்சரித்துப் பார்த்து நேரம் போக்குவார்கள். முதல் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஏ பிரிவு: எட்டு நிமிடத்துக்கு மேல் தராதீர்கள்

பாசேஜைத் தொடும் முன் பதினைந்து சொல்லையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று நான்காகப் பிரிக்க வேண்டும், ஒன்றரை நிமிடம். வினைகளை வடிவம் பார்த்து மேலும் பிரிக்கலாம்: மூல வடிவம், 'எஸ்' சேர்ந்தது, 'ஈடி', 'ஐஎன்ஜி'. பிறகு கோடிட்ட இடத்தின் இருபுறமும் பார்த்து அங்கே எந்த வகை வர முடியும் என்று எழுதிவிட வேண்டும். 'தி'-க்கும் 'ஆஃப்'-க்கும் நடுவில் என்றால் பெயர். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் என்றால் பெரும்பாலும் வினையடை. 'டு'-வுக்குப் பின் மூல வினை வரலாம், ஆனால் 'டு' முன்னிடைச் சொல்லாக இருந்தால் பெயர் வரும். தவறு நடக்கும் இன்னோர் இடம் 'ஈடி' சொற்கள். அவை கடந்தகால வினையாகவும் இருக்கலாம், பெயரை விவரிக்கவும் வரலாம். இரண்டு பட்டியலிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்பதால் ஒரு தவறு இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு வரும். உறுதியான ஐந்தாறு இடங்களை முதலில் நிரப்பிவிட்டு, மீதியை மிஞ்சிய சொற்களை வைத்து நிரப்பலாம்.

சொற்களும் தினசரி வாசிப்பும்

அகரவரிசைச் சொற்பட்டியலில் 'அபாண்டன்' முதல் சொல்லாக வரும், பல மாணவர்களுக்கு முதல் சில பக்கங்கள் மட்டும் மனப்பாடம். பாய்சிஜான், ஷான்பே போன்ற செயலிகளில் தினமும் சொல் படித்து 'தாகா' போட்டு, அதாவது இன்றைய பங்கு முடிந்தது என்று வீசாட்டில் பதிவிட்டு, நூறு நாள் தொடர்கிறவர்களும் உண்டு. சொல்லைப் பார்த்தால் ஒரு சீன அர்த்தம் நினைவுக்கு வரும் அளவுக்கு அது உதவும். அந்த ஓர் அர்த்தம் பாசேஜில் ஒட்டாதபோதுதான் சிக்கல். 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று படித்தவர், அது பிரச்சினையைக் கையாளுவதாக வரும்போது வாக்கியத்தையே தவறாகக் கட்டுவார். 'இஷ்யூ', 'டிரைவ்', 'யீல்ட்', 'சப்ஜெக்ட்' எல்லாம் இப்படிப்பட்டவை. தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததாக நினைக்கும் சொல்லால் வரும் சேதம் அதிகம், ஏனென்றால் அங்கே மாணவர் நின்று யோசிப்பதே இல்லை.

ஒரு பாசேஜிலிருந்து எட்டுச் சொல்லுக்கு மேல் எடுக்க வேண்டாம். விடையைப் பாதித்த சொல், வேறு பாசேஜிலும் பார்த்த சொல், பழகிய சொல்லின் புதிய பொருள், இவை மட்டும். அந்த வாக்கியத்தின் துண்டோடு எழுதி, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் பார்க்க வேண்டும்.

இதோடு தேர்வுக்குத் தொடர்பில்லாத எளிய வாசிப்பு தினமும் இருபது நிமிடம். எளிது என்றால், நூறு சொல்லில் தெரியாதது இரண்டுக்கு மேல் போகக்கூடாது. ஐந்தைத் தாண்டினால் அது வாசிப்பாக இருக்காது, அகராதி வேலையாகிவிடும். மொழி கற்பவர்களுக்காக நிலைவாரியாக எழுதப்பட்ட கதைநூல்களில் தொடங்கலாம். அடுத்து 1981 முதல் வரும் சைனா டெய்லி, ஷாங்ஹாயிலிருந்து வரும் சிக்ஸ்த் டோன் போன்றவை. ஊர்ச் செய்தி மாணவருக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆகவே மொழி மட்டும் புதிது. ஆனால் இங்கேயே நின்றுவிடக் கூடாது. சி.இ.டி. பாசேஜ்களில் அன்னிய நாட்டுப் பள்ளி, மருத்துவக் காப்பீடு, அலுவலக வாழ்க்கை என்று வரும். ஒரு மாதத்துக்குப் பின் அந்தத் தலைப்புகளுக்கு மாற வேண்டும். நிமிடத்துக்கு நூறு சொல் என்றால் வாரத்தில் ஐந்து நாள் வாசிப்பவர் பத்தாயிரம் சொல்லைக் கடப்பார். வேகக் குறைபாட்டுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

பருவத்துக்குள் பிரிப்பது

டிசம்பர் தேர்வு என்றால் செப்டம்பரில் பருவம் தொடங்குகிறது. ஜூன் என்றால் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ. ஏறக்குறைய பதினான்கு வாரம் கையில் இருக்கும். முதல் நான்கு வாரம் மூன்று சுற்றுச் சோதனையும் வாக்கியப் பிரிப்பும் எளிய வாசிப்பும் மட்டும். அடுத்த ஐந்து வாரம் பிரிவு பிரிவாக, வாரத்துக்கு சி பிரிவில் மூன்று பாசேஜ், பி பிரிவில் ஒன்று, ஏ பிரிவில் ஒன்று. சீன வகுப்புகள் பெரும்பாலும் 45 நிமிடம் இரண்டு சேர்ந்த 90 நிமிடமாக இருக்கும், ஒரு பாசேஜை முழுதாகப் பிரிக்கச் சரியான அளவு. பத்தாம் வாரத்திலிருந்து முழு 70 நிமிடம், மொழிபெயர்ப்போடு சேர்த்து, வாரத்துக்கு ஒரு தாள், மறுநாள் ஆய்வு.

ஒரே தேர்வில் பல வினாத்தாள் தொகுப்புகள் தருகிறார்கள், பக்கத்து இருக்கைக்காரருக்கு வேறு பாசேஜ் வரும். ஆகவே பழைய தாளுக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் அண்மைய இரண்டு ஆண்டுத் தாள்களைப் பத்தாம் வாரம் வரை பிரிக்க விடாதீர்கள். ஒருமுறை பார்த்த பாசேஜ் நேரச் சோதனைக்குப் பயன்படாது. தவறுகளை ஒரு நோட்டில் நான்கு கட்டமாக எழுத வேண்டும்: கேள்வி வகை, ஆதார வரி, தான் போட்ட விடை, போட்ட காரணம். காரணக் கட்டத்தில் "கவனக்குறைவு" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "இரண்டு செய்தியைத் தப்பாக ஒட்டியதைக் கவனிக்கவில்லை", "கருத்து யாருடையது என்று பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் அடுத்த இரண்டு வாரம் எதைச் செய்வது என்று தெரிந்துவிடும்.

கடைசி வாரத்தில் புதிய தாள் வேண்டாம், நோட்டும் எளிய வாசிப்பும் போதும். தேர்வறையில் ரீடிங் விடைகளை இரண்டாம் விடைத்தாளில் 2பி பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். எல்லாவற்றையும் வினாத்தாளிலேயே குறித்துவிட்டுக் கடைசியில் மாற்றலாம் என்று வைத்தால், மொழிபெயர்ப்பு இழுத்துக்கொண்டு போய் முப்பது கட்டமும் வெறுமையாக நிற்கும். ஒவ்வொரு பாசேஜ் முடிந்ததும் உடனே நிரப்ப வேண்டும். சி, பி, ஏ என்று வரிசை மாற்றிச் செய்கிறவர் கேள்வி எண்ணைப் பார்த்து நிரப்ப வேண்டும், முதல் விடை தாளில் 46-ஆம் எண்ணுக்குப் போகும், 26-க்கு அல்ல. தவறான விடைக்கு மார்க் கழிப்பதில்லை, ஆகவே எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் தாளைக் கொடுக்கச் சொல்லுங்கள்.